அப்பா பேரில் எழுதின லீவு

எங்கள் தெருவில் சாவு விழுந்தால் வீட்டுக்கு ஒரு ஆம்பிளை போய் உட்கார வேண்டும். பொம்பிளைகள் எப்படியும் போய்விடுவார்கள், அவர்களைப் பற்றிப் பேச்சில்லை. ஆம்பிளை ஒருத்தன் சேதி வந்ததிலிருந்து எடுக்கிற வரைக்கும் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அழ வேண்டியதில்லை. பேச வேண்டியதில்லை. டீ கொடுத்தால் குடிக்கலாம். செத்தவரைப் பற்றிப் பொய்யாக நாலு நல்ல வார்த்தை சொல்லலாம், அதுகூடக் கட்டாயமில்லை. யார் வந்தான், யார் வரவில்லை என்று யாரும் நோட்டுப் போட்டு எழுதுவதில்லை. எழுதாமலே எல்லோருக்கும் மனப்பாடம்.

இந்தச் சட்டத்தில் ஒரே ஒரு விலக்கு உண்டு. வெளியூரில் இருப்பவனை மன்னித்துவிடுவார்கள். பத்து வருஷம் நான் சென்னையில் குப்பை கொட்டினேன். அந்தப் பத்து வருஷத்தில் தெருவில் மற்ற வீடுகளில் எத்தனையோ உயிர் போனது, ஒன்றுக்கும் நான் வந்து உட்கார்ந்ததில்லை. ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. "பாவம், மெட்ராசுல கீறான், எப்டி வருவான்" என்பதோடு சரி. அப்புறம் கொரோனா வந்தது. கம்பெனி எங்களை வீட்டுக்கு விரட்டியது. லேப்டாப்பும் நானும் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தோம். நோய் அடங்கின பிறகு பார்த்தால் கம்பெனி அந்தக் கட்டடத்தையே காலி செய்திருந்தது. இனிமேல் வீட்டிலிருந்தே பாருங்கள் என்று நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நானும் இளிச்சவாயன் மாதிரி சந்தோஷப்பட்டேன்.

வேலை இதுதான். ஆன்லைனில் மிக்ஸி வாங்கி ஜார் வராதவர்கள், எட்டாம் நம்பர் செருப்பு கேட்டு ஆறாம் நம்பர் கிடைத்தவர்கள், இவர்களெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டி எழுதுவார்கள். பதில் எழுதப் பதினாலு பேர் இருக்கிறார்கள், ஆளுக்கொரு ஊரில். அந்தப் பதினாலு பேருக்கு நான் மேஸ்திரி. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை. கம்பெனி சாட்டில் என் பேருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அஞ்சு நிமிஷம் மவுஸ் அசையாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் மேனேஜர் மேடத்திடமிருந்து "எல்லாம் ஓகேவா?" என்று வரும். எங்கே போய்த் தொலைந்தாய் என்பதை மரியாதையாகக் கேட்கிற முறை அது. பாத்ரூமுக்கே நான் ஓட்டமாகப் போய் ஓட்டமாக வருவேன்.

இதைத் தெருவுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? எங்கள் தெருவில் வேலை என்றால் அதற்கு வீட்டை விட்டுக் கிளம்பிப் போக வேண்டும். என் மனைவி தியாகதுருகத்தில் டீச்சர். காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறுகிறாள், அது வேலை. எங்கப்பா முப்பது வருஷம் கவர்மென்ட் பஸ் ஓட்டினார், அதுவும் வேலை. நான் கதவைச் சாத்திக்கொண்டு ரூமுக்குள் உட்கார்ந்திருந்தது எதில் சேர்த்தி என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. "புள்ளைக்கு ஒடம்பு எதுனா செரியில்லியா?" என்று ஒருத்தர் அப்பாவிடமே கேட்டார். உடம்பு சரியாகத்தான் இருந்தது.

மனசு சரியாக இருந்ததா என்று கம்பெனி தினமும் கேட்கும். காலையில் லாகின் பண்ணியதும் அஞ்சு மூஞ்சி வரும், சிரிக்கிற மூஞ்சியிலிருந்து அழுகிற மூஞ்சி வரை. இன்றைக்கு நீ எந்த மூஞ்சி என்று அமுக்க வேண்டும். ஒரே ஒரு நாள் உண்மையாக நாலாவது மூஞ்சியை அமுக்கினேன். மனநல ஆலோசகர் என்று ஒரு அம்மா வந்து முக்கால் மணி நேரம் ஆறுதல் சொன்னார். அதற்குள் எண்பது புகார் சேர்ந்துவிட்டது. அதிலிருந்து சிரிக்கிற மூஞ்சியைத் தவிர வேறு எதையும் நான் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அதே அம்மா எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வார். "ஒரு நீல மலையை நினைச்சுக்கோங்க" என்பார். கண்ணைத் திறந்து மொட்டை மாடிக்குப் போனால் மேற்கே கல்வராயன் மலை நீலமாக நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நான் எந்த மலையைத் தேடுவது? ஒரு நாள் சிலிண்டர் தீர்ந்துபோய் மனைவி கத்தினாள். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று என் வாயில் வந்துவிட்டது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

முதல் தகராறு மாவு மில்காரர் வீட்டில். எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு. அவருடைய அம்மா தவறிவிட்டார். மேடத்திடம் நேர்மையாகச் சொல்லிக் கேட்டேன். "நெய்பரா? ஐயோ பாவம்" என்றார். "ஒரு மணி நேரம் போயிட்டு வந்துடுங்க. ஸ்டேட்டஸ் மட்டும் பச்சையா இருக்கட்டும்." போனில் அந்தச் சாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போனேன். ஐஸ் பெட்டிக்குள் ஒரு அம்மா, சுற்றிலும் ஒப்பாரி, நான் மடியில் போனை வைத்துக்கொண்டு புள்ளி மஞ்சளாகாமல் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் செருப்புக்காரன் ஒருத்தனுக்குப் பதிலும் போட்டேன். நிமிர்ந்தபோது மாவு மில்காரர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதாவது நிமிஷம் எழுந்து வீட்டுக்கு ஓடினேன்.

அடுத்தது தெருக்கோடி ரிட்டயர்ட் வாத்தியார். அதற்கு நான் போகவே இல்லை. மேளமும் வெடியுமாக அவரை எடுத்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் போனார்கள். நான் ரூமில் மீட்டிங்கில் இருந்தேன். "என்ன சார் சத்தம்?" என்று கேட்டார்கள். கோவில் திருவிழா என்று சொன்னேன். ஆளாளுக்குக் கும்பிடுகிற கை அனுப்பினார்கள். "என்ஜாய் சார்" என்று ஒருத்தி எழுதினாள்.

தெருவில் யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் பரவாயில்லை. மாவு மில்காரர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. தெரு முழுக்க வீடு வீடாகத் தாம்பாளத்தில் குங்குமம் வைத்துப் பத்திரிகை கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் அது வாட்ஸ்அப்பில் வந்தது. வாசலில் அவரைப் பார்த்தபோது கேட்டேவிட்டேன். அவர் ரொம்பத் தன்மையாகச் சொன்னார்: "நீ எல்லாத்தியும் போன்லயே பாத்துக்கறவனாச்சேபா. அதான் போன்லயே அனுப்பிச்சிட்டேன்."

அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு முட்டி இரண்டும் போய்விட்டது, பந்தலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். அதனால்தான் எங்கள் வீட்டு நாற்காலி என் தலையில் விழுந்தது.

"அவன் உன்ன ஒண்ணும் பண்லடா. என்னியத்தான் தள்ளி வெச்சிக்கிறான்" என்றார். "எனக்கு நாலு பேர் வேணும். நீ ஒருத்தன். மிச்சம் மூணு பேருக்கு எங்க போவ? உன் கம்பெனிலேர்ந்து வருவானுங்களா?"

"ஆன்லைன்ல புக் பண்ணிக்கலாம்பா" என்றேன். எனக்கு நாக்கில் சனி. அப்பா சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய்விட்டார்.

எதிர் வீட்டில் இருந்தவர் கண்டக்டர் மாமா. அப்பாவும் அவரும் இருபது வருஷம் ஒரே பஸ். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை மேல் வெள்ளிமலை வரைக்கும் ஏறி இறங்கியவர்கள். ரிட்டயர்ட் ஆன பிறகும் இரண்டு பேரும் அந்தப் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. காலையில் மாமா அவர் வாசலில் நின்று வாயாலேயே இரண்டு விசில் கொடுப்பார், டீக்கடைக்குக் கிளம்பலாம் என்று அர்த்தம். அப்பாவுக்கு முட்டி வலி என்றால் இங்கிருந்து ஒரு விசில். எங்கம்மா செத்தபோது நான் சென்னையில் இருந்தேன். நான் வந்து இறங்குவதற்குள் பந்தல், ஐஸ் பெட்டி, மாலை, சின்னசேலம் ஸ்டேஷனுக்கு வரும் சொந்தக்காரர்களைக் கூட்டிவர வண்டி, எல்லாம் அவர் பார்த்துவிட்டிருந்தார். நான் செய்ததெல்லாம் கொள்ளி வைத்தது மட்டும்தான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் விசில் வரவில்லை. அப்பா வாசலில் நின்று இரண்டு கொடுத்தார், பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டிலிருந்து அத்தை அலறுகிற சத்தம் கேட்டது. மாமா தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார்.

நான் அப்போதுதான் லாகின் பண்ணிச் சிரிக்கிற மூஞ்சியை அமுக்கியிருந்தேன். சனி, ஞாயிறில் பெரிய தள்ளுபடி விற்பனை முடிந்திருந்தது. நாடு முழுக்க ஜார் இல்லாத மிக்ஸிகள். அப்பா ரூம் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். அவர் அந்தக் கதவைத் தட்டாமல் திறந்தது அதுதான் முதல் தடவை.

"இன்னிக்கு நீ போய் உக்காரலன்னா, என்னியத் தூக்க எவனும் வரமாட்டான். அத்தோட முடிஞ்சிச்சி" என்றார்.

லீவு எழுதுகிற பக்கத்தைத் திறந்தேன். சாவு லீவு என்று தனியாக ஒன்று இருக்கிறது. யார் செத்தது என்று கேட்டுப் பட்டியல் வரும். அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை, கூடப்பிறந்தவர்கள் என்றால் அஞ்சு நாள். இதர உறவு என்றால் அரை நாள். அந்த இதர உறவில் நான் ஏற்கெனவே ஒரு சித்தப்பாவை இரண்டு தடவை சாகடித்திருந்தேன். எனக்குச் சித்தப்பாவே கிடையாது. எதிர் வீட்டுக்காரர், அப்பாவோடு இருபது வருஷம் மலை ஏறி இறங்கியவர், என் அம்மா சாவை எடுத்துச் செய்தவர் என்று அந்தப் பட்டியலில் எதுவும் இல்லை. அரை நாளில் அவரை எடுக்கவும் மாட்டார்கள், அவர் மகள் சேலத்திலிருந்து வர வேண்டும். அப்பா பின்னாலேயே நிற்கிறார். நான் அப்பா என்கிற இடத்தில் அமுக்கினேன்.

திரையில் ஒரு விளக்கு எரிந்தது, உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்று வந்தது, அடுத்த நிமிஷம் அஞ்சு நாள் அனுமதி. எங்கப்பா செத்தால் லீவு இவ்வளவு சுளுவாகக் கிடைக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. திரையில் இருந்தது இங்கிலீஷ், அப்பா கண்ணாடி போட்டிருக்கவில்லை. "குடுத்துட்டாங்களா?" என்றார். "குடுத்துட்டாங்கப்பா" என்றேன். போனைச் சார்ஜில் போட்டு வீட்டிலேயே விட்டுவிட்டு எதிர் வீட்டுக்குப் போனேன்.

பந்தலில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலிக்கு மாவு மில்காரர் வந்தார். என் கையையும் மடியையும் பார்த்தார். அப்புறம், "போன் எங்கபா?" என்றார்.

"வூட்ல கீதுங்க."

"அட" என்றார். டீக்காரரைக் கூப்பிட்டு எனக்கும் ஒன்று கொடுக்கச் சொன்னார்.

அப்புறம் வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பிளக்ஸ் அடிக்கிற இடத்துக்குப் போ, சேலத்தாருக்கு வழி சொல், ஐஸ் பெட்டிக்கு ஒயர் இழு. மாமாவின் மகன் துபாயில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. மாவு மில்காரர் போனில் வீடியோ போட்டு மாமாவின் முகத்துக்கு நேராக நான் பிடித்துக்கொண்டேன். அந்தப் பையன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு எங்கேயோ ஒரு வெயிலில் நின்று "அப்பா, அப்பா" என்று கத்தினான். கூடியிருந்தவர்கள் அவனுக்காக அழுதார்கள். அத்தைகூடப் போனைப் பார்த்து, "நீ இன்னா பண்ணுவ கண்ணு, அவ்ளோ தொலவுல கீற" என்று அவனைத் தேற்றினாள். எனக்கும் அழுகை வந்தது. மாமாவுக்காகத்தான் ஆரம்பித்தேன். நடுவில் எங்கேயோ அது எனக்காக அழுகிற அழுகையாக மாறிவிட்டது, நிறுத்த முடியவில்லை. மாவு மில்காரர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் எடுத்தோம். மாமாவின் தம்பி மகன் கொள்ளிச் சட்டி பிடித்தான். பாடைக்கு முன் பக்கம் நான் தோள் கொடுத்தேன், அந்தப் பக்கத் தோள் மாவு மில்காரர். வழியெல்லாம் தோளும் தோளும் இடித்தது, மேளச் சத்தத்தில் காது அடைத்தது, எவனோ போட்ட வெடி என் காலுக்குக் கீழே வெடித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த நாலஞ்சு வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்த நாள் அதுதான். சாவில் சந்தோஷப்படுகிறவனை எந்த மூஞ்சியில் சேர்ப்பார்களோ தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு மலர் வளையம் சாய்த்து வைத்திருந்தது. வண்டிச் சக்கரம் அளவுக்கு இருந்தது. நடுவில் கம்பெனி பெயர், கீழே இங்கிலீஷில் ஒரு அட்டை. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு அதன் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கூரியர்ல வந்துச்சி. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கனேன்" என்றார். "செத்தவரு யாருன்னு கேட்டான். நான்தாம்பான்னேன். ஓடிட்டான்."

முப்பது வருஷம் ஊர்ப் பெயர்ப் பலகையும் ஆபீஸ் நோட்டீஸும் படித்த மனுஷனுக்கு ஃபாதர் என்கிற அளவு இங்கிலீஷ் தெரியாதா?

"நல்ல பூவு. ரோசாவே ஜாஸ்தி" என்று தொட்டுப் பார்த்தார். "எனக்கு எத்தினி நாள் குடுத்தாங்க?"

"அஞ்சு நாள்பா."

"கண்டக்டருக்கு?"

"அவருக்கு ஒண்ணும் கெடையாது. அவரு லிஸ்ட்லயே இல்ல."

அப்பா திட்டுவார் என்று நின்றிருந்தேன். "பரவால்ல" என்றார். "அவன் எனக்காக எவ்ளவோ பண்ணிக்கிறான். அவனுக்கு நான் ஒரு தபா சாவக் கூடாதா?" அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது செரி. என்னியத்தான் எழுதி முடிச்சிட்டியே. நெஜமா நான் போறப்ப இன்னாடா எழுதுவ?"

குளித்துவிட்டு வருகிறேன் என்று பாத்ரூமுக்குள் போய்விட்டேன்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது வெளியே என் போன் அடித்தது, உடனே நின்றது. அப்பா எடுத்துவிட்டார். அவருக்குக் காது கொஞ்சம் கம்மி, யார் போனாக இருந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது மேடத்தின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"அவங்கப்பா விஷயம் கேள்விப்பட்டோம் சார். ரொம்ப வருத்தமா இருக்கு. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"நானாங்க? அவரு கூடவே இருக்கறவன்" என்றார் அப்பா. "நல்ல மனுசங்க. இருவது வருசம் மலையில பஸ் ஓட்டனாரு. ஒரு உசுருக்குச் சேதம் கெடையாது."

போனைப் பிடுங்கப் போனேன். அப்பா கையால் என்னைத் தள்ளி நிறுத்தினார். அவர் முகத்தில் குறும்பு இருந்தது, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எப்படி சார் ஆச்சு?"

"காலையிலதாங்க. தூக்கத்துலயே. நோவு இல்ல, நொடி இல்ல."

"அதுக்கும் குடுத்து வெச்சிருக்கணும். கடைசி நேரத்துல பையன் பக்கத்துல இருந்தாரா?"

அப்பா முகத்திலிருந்து குறும்பு போய்விட்டது. என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துச் சொன்னார்.

"இருந்தாங்க. பக்கத்து ரூம்லதான் இருந்தான். கதவச் சாத்திக்கினு வேலை பாத்துக்கினு இருந்தான். அவன் வெளிய வந்து பாக்கறதுக்குச் சாய்ங்காலம் ஆறு மணி ஆயிடுச்சி."

மேடம் "கடவுளே" என்றார். நாலு பேர் வேண்டும், நாலு பேர் வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் தெருவுக்குப் பயந்து என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் பயந்தது பக்கத்து ரூமுக்கு.

"இந்தா, உன்னாண்ட பேசணுமாம்" என்று போனை நீட்டினார்.

வாங்கினேன். ஈரக் கையில் வழுக்கியது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"மேடம், இவ்ளோ நேரம் உங்ககிட்ட பேசினது எங்கப்பாதான்" என்றேன்.

கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். கட்டாகவில்லை.